சர்வர் இங்கே, சாவி எங்கே?

2013 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்குத் தேடுதல் ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. போதைப்பொருள் கடத்தல் தொடர்பான விசாரணையில் ஒரு மின்னஞ்சல் கணக்கிலுள்ள கடிதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பதே அந்த ஆணை. கணக்கைப் பற்றிய அடிப்படை விவரங்கள் அமெரிக்காவில் இருந்த சர்வர்களில் இருந்ததால் நிறுவனம் அவற்றைத் தந்துவிட்டது. கடிதங்களோ அயர்லாந்தின் டப்ளின் நகரத் தரவு மையத்தில் இருந்தன. அவை அங்கே போய்ச் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கணக்குத் தொடங்கும்போது பயனர் தான் வசிக்கும் நாடு என்று எதைக் குறிப்பிடுகிறாரோ, அதற்கு அருகிலுள்ள மையத்துக்குக் கடிதங்களை மாற்றிவிடுவது அன்றைய நடைமுறை. சொன்ன நாட்டில்தான் அவர் இருக்கிறாரா என்று எவரும் சரிபார்த்ததில்லை. அயர்லாந்தில் உள்ளதை அமெரிக்க ஆணையால் எடுக்க முடியாது என்று மைக்ரோசாப்ட் வாதிட்டது. அமெரிக்காவில் தன் மேசையில் அமர்ந்திருக்கும் உங்கள் ஊழியர் ஒருவர் எழுந்து நடக்கக்கூடத் தேவையின்றி அக்கடிதங்களைத் திரைக்குக் கொண்டுவர முடியும்போது, இதில் வெளிநாடு எங்கே வந்தது என்று அரசுத் தரப்பு கேட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் வாதங்களைக் கேட்டு முடித்திருந்த நிலையில், மார்ச் மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் ‘கிளவுட் சட்டம்’ எனப்படும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. நிறுவனத்தின் வசத்திலோ கட்டுப்பாட்டிலோ உள்ள தரவு உலகின் எந்த மூலையில் சேமிக்கப்பட்டிருந்தாலும், முறையான ஆணை வந்தால் அதைத் தர வேண்டும் என்று அச்சட்டம் சொல்லிவிட்டதால் வழக்கே பொருளற்றதாயிற்று. எல்லை கடந்த தரவு சேகரிப்பு பற்றி நாடுகள் இன்று போடும் தடைகளையும் விதிகளையும் புரிந்துகொள்ள இந்த வழக்கைவிட நல்ல நுழைவாயில் இல்லை என்பது என் எண்ணம். சர்வர் எந்த மண்ணில் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. அதை இயக்குபவர் யாருடைய உத்தரவுக்குப் பணிந்தாக வேண்டியவர் என்பது இன்னொரு கேள்வி. பெரும்பாலான சட்டங்கள் முதல் கேள்விக்கு விரிவாக விடை எழுதுகின்றன. அச்சம் என்னவோ இரண்டாவது கேள்வியில்தான் குடியிருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம், ‘தரவு இறையாண்மை’ என்ற ஒரே குடையின் கீழ் வெவ்வேறு நோக்கங்கள் ஒதுங்கி நிற்பது. தன் மக்களைப் பற்றிய விவரங்கள் பகை நாட்டின் உளவுத்துறைக்குப் போய்விடக் கூடாது என்பது ஒன்று. தன் காவல்துறைக்கும் வரித்துறைக்கும் வேண்டும்போது அதே விவரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. வெளிநாட்டுப் பெருநிறுவனங்கள் விளைச்சலை அள்ளிப் போகாமல் உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும் என்பதும் உண்டு. குடிமகனின் தனியுரிமை இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஒரு சட்டத்தின் முகவுரையில் எழுதியிருக்கும் நோக்கமும் அது நடைமுறையில் நிறைவேற்றும் நோக்கமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

பகையாளியின் கண்

முதல் அச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உடற்பயிற்சி செய்பவர்கள் தாங்கள் ஓடிய பாதையைப் பதிவுசெய்ய உதவும் ஸ்ட்ராவா செயலி, தன் பயனர்கள் அனைவரின் பாதைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒளிரும் உலக வரைபடமாக 2017 நவம்பரில் வெளியிட்டது. அதில் எவருடைய பெயரும் இல்லை. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அந்த வரைபடத்தில் சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் இருண்ட பரப்புகளுக்கு நடுவே சிறு சிறு ஒளிக்கட்டங்கள் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். அவை ராணுவ முகாம்கள். முகாமின் சுற்றுச்சுவரை ஒட்டி வீரர்கள் தினமும் ஓடிய தடங்கள், முகாமின் உருவத்தையே கோட்டோவியமாக வரைந்து காட்டின. திருட்டோ ஊடுருவலோ எதுவும் நடக்கவில்லை. தனித்தனியே பார்த்தால் பயனற்ற தகவல்கள் திரளாகச் சேரும்போது ரகசியமாகிவிடுகின்றன என்ற உண்மையைப் பாதுகாப்புத் துறையினர் பலர் அன்றுதான் கண்கூடாகக் கண்டனர்.

இதற்கு நேரெதிரான வகை அச்சமும் உண்டு. அங்கே திரள் முக்கியமில்லை, ஒரேயொருவரைப் பற்றிய ஒரேயொரு விவரம் போதும். தன்பாலீர்ப்பாளர்களுக்கான சந்திப்புச் செயலியான கிரைண்டரைச் சீனாவின் குன்லுன் நிறுவனம் 2016இலும் 2018இலும் இரு கட்டங்களாக வாங்கியது. பயனரின் இருப்பிடம், அந்தரங்க உரையாடல், அவர் விரும்பிக் குறிப்பிட்டிருந்தால் எச்ஐவி நிலை ஆகியவை அந்தச் செயலியில் இருந்தன. அதிகாரி ஒருவரை மிரட்டிப் பணியவைக்க இதைவிட என்ன வேண்டும் என்று கருதிய அமெரிக்காவின் வெளிநாட்டு முதலீட்டுக் குழு, நிறுவனத்தை விற்றுவிடும்படி நிர்ப்பந்தித்தது. 2020இல் சுமார் 60 கோடி டாலருக்கு அது கைமாறியது. வாங்கி முடித்து இரண்டாண்டு கழிந்த சொத்தை, தவறு எதுவும் நடந்ததாக நிறுவாமலேயே, தவறு நடக்கலாம் என்ற அடிப்படையில் விற்கவைத்தது அன்று புதுமையாகத் தெரிந்தது.

அந்தப் புதுமை டிக்டாக் விவகாரத்தில் வழக்கமாகிவிட்டது. சீனாவின் 2017ஆம் ஆண்டு தேசிய உளவுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, அந்நாட்டின் அமைப்புகளும் குடிமக்களும் அரசின் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று சொல்கிறது. டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் பெய்ஜிங்கைத் தலைமையிடமாகக் கொண்டது என்பதால், அமெரிக்கப் பயனர்களின் தரவை டெக்சாஸில் வைத்தாலும் ஆரக்கிள் நிறுவனத்தின் சர்வரில் வைத்தாலும் அச்சம் தீராது என்பது வாஷிங்டனின் வாதம். டப்ளின் கடிதங்கள் வழக்கில் அமெரிக்க அரசு எந்தத் தர்க்கத்தை முன்வைத்ததோ, அதே தர்க்கத்தை இங்கே அடுத்தவர்மீது திருப்பிப் பிடிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நிறுவனத்தின் தகவலைச் செய்தியாளர்களுக்குக் கசியவிட்டது யார் என்று மோப்பம் பிடிப்பதற்காக, ஊழியர்கள் சிலர் பத்திரிகையாளர்களின் டிக்டாக் தரவைப் பார்த்தார்கள் என்று 2022 டிசம்பரில் பைட்டான்ஸே ஒப்புக்கொண்டிருந்தது அந்த வாதத்துக்கு வலுவூட்டியது. 2024 ஏப்ரலில் இயற்றப்பட்ட சட்டம், செயலியை விற்க வேண்டும் அல்லது மூட வேண்டும் என்றது. 2025 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக உறுதிசெய்தது. ஏறத்தாழ 17 கோடி அமெரிக்கப் பயனர்களைக் கொண்ட அந்தச் செயலி சில மணி நேரம் இருண்டு, பின்னர் புதிய அதிபர் கெடுவைத் தள்ளிப்போட்டதால் மீண்டு, கெடு மேல் கெடுவாக நீண்டு, கடைசியில் 2026 ஜனவரியில் பைட்டான்ஸுக்கு 20 சதவீதத்துக்கும் குறைவான பங்குள்ள கூட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. தேசப் பாதுகாப்புக்கு உடனடி ஆபத்து என்று சொல்லப்பட்ட ஒன்று ஓராண்டுக் காலம் கெடு நீட்டிப்பில் உயிர்வாழ்ந்தது எப்படி என்று கேட்பவர்களுக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஒரு செயலியைத் தடைசெய்வதால் மட்டும் ஓட்டை அடைபடாது என்பது அமெரிக்க அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல. அந்நாட்டில் தரவுத் தரகர்கள் என்றொரு தொழிலே இருக்கிறது. கைப்பேசிகளின் இருப்பிடம், கடன் நிலவரம், உடல்நலம் ஆகியவை பற்றிய விவரங்களைத் திரட்டி, பணம் கொடுப்பவருக்கு விற்பதே அதன் வேலை. கடையில் விலைக்குக் கிடைப்பதை எவரும் கன்னம் வைத்துத் திருட வேண்டியதில்லை. இதைத் தடுக்க 2025 ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்த நீதித்துறை விதிகள் சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியா, கியூபா, வெனிசுவேலா ஆகிய ஆறு நாடுகளுக்குத் தரவைத் திரளாகக் கொடுப்பதைத் தடைசெய்கின்றன. திரள் என்றால் எவ்வளவு என்பதை அவை எண்ணிச் சொல்கின்றன: மரபணுத் தொகுதி என்றால் 100 பேருக்கு மேல், துல்லியமான இருப்பிடம் என்றால் 1,000 கருவிகளுக்கு மேல், உடல்நலம் அல்லது நிதி விவரம் என்றால் 10,000 பேருக்கு மேல். பெயரை நீக்கிவிட்டோம், குறியாக்கம் செய்துவிட்டோம் (அதாவது, சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டோம்) என்ற சமாதானங்கள் இந்தக் கணக்கில் செல்லுபடியாகா. ஸ்ட்ராவா வரைபடத்திலும் பெயர் எதுவும் இருக்கவில்லையே.

திதியின் கதை

எல்லை கடந்து தரவு போவதைப் பற்றிய அச்சம் மேற்கு நாடுகளுக்கே உரியது என்று நினைப்பவர்கள் திதியின் கதையைப் பார்க்க வேண்டும். சீனாவின் மிகப் பெரிய வாடகைக் கார் சேவையான திதி 2021 ஜூன் 30 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிட்டு சுமார் 440 கோடி டாலர் திரட்டியது. இரண்டே நாளில், ஜூலை 2ஆம் தேதி, சீன இணையவெளி நிர்வாகம் அந்நிறுவனத்தின் மீது பாதுகாப்பு ஆய்வு தொடங்குவதாக அறிவித்தது. 4ஆம் தேதி செயலியைப் பதிவிறக்கத் தளங்களிலிருந்து நீக்க உத்தரவிட்டது. ஓராண்டுக்குள் திதி நியூயார்க்கிலிருந்து வெளியேறியது. 2022 ஜூலையில் அதற்கு விதிக்கப்பட்ட அபராதம் 802.6 கோடி யுவான். நிறுவனத்தின் தலைவர்கள் இருவருக்கும் தனித்தனியே 10 லட்சம் யுவான்.

பங்கு வெளியீட்டுக்கும் தரவுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடும் நிறுவனத்தின் தணிக்கைக் கோப்புகளைப் பார்வையிட அனுமதிக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்கா சட்டம் இயற்றியிருந்தது. தணிக்கைக் கோப்பில் பயணிகளின் பயண விவரம் இருக்கப்போவதில்லைதான். ஆனால் எந்த அமைச்சகத்தின் வாசலில் எந்த நேரத்தில் எத்தனை கார்கள் நிற்கின்றன என்று அறிந்த ஒரு நிறுவனம் வெளிநாட்டுக் கட்டுப்பாட்டாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட நிலைக்குப் போவதையே பெய்ஜிங் விரும்பவில்லை. விளைவாக, 10 லட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களின் தனிப்பட்ட தகவலை வைத்திருக்கும் தளங்கள் வெளிநாட்டில் பட்டியலிடும் முன் பாதுகாப்பு ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்ற விதி 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

அபராத அறிவிப்பைப் படித்தால் வேறொன்று புலப்படும். பயணிகளின் 10.7 கோடி முகப் பதிவுகளைச் சேகரித்தது, பயனர்களின் கைப்பேசிப் படத்தொகுப்பிலிருந்து 1.19 கோடி திரைப்பிடிப்புகளை எடுத்தது, 5.78 கோடி ஓட்டுநர் அடையாள எண்களைக் குறியாக்கம் செய்யாமல் வெற்றெழுத்தாகவே வைத்திருந்தது என்று நீளும் அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் உள்நாட்டிலேயே நடந்த அத்துமீறல்கள். தேசப் பாதுகாப்பு தொடர்பான குற்றங்கள் என்னவென்று வெளியிட இயலாது என்று அறிவிப்பு சொல்லிவிட்டது. இந்த அத்துமீறல்களில் சில ஏழாண்டுகளாக நடந்துவந்தவை. நியூயார்க்கில் மணியடித்துப் பங்கு வெளியிடாமல் இருந்திருந்தால் அந்த 1.19 கோடி திரைப்பிடிப்புகளைப் பற்றி எப்போதேனும் கேள்வி எழுந்திருக்குமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

வெளிநாட்டு நிறுவனங்களைப் பொறுத்தவரை, 2017 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள சைபர் பாதுகாப்புச் சட்டமும், 2021இல் அடுத்தடுத்து வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து, சீனாவில் சேகரித்ததைச் சீனாவிலேயே வைக்கும் நிலைக்கு அவற்றைத் தள்ளின. டெஸ்லாவின் கார்கள் தம் கேமராக்களால் சுற்றுப்புறத்தைப் படம்பிடிப்பதால் 2021 மார்ச்சில் அவை ராணுவ வளாகங்களுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. கார்களை உளவுக்குப் பயன்படுத்தினால் எங்கள் நிறுவனத்தை மூடிவிடுவார்கள் என்று ஈலோன் மஸ்க் சீன மாநாடு ஒன்றில் சமாதானம் சொன்னார். அவ்வாண்டே சீனாவில் தரவு மையமும் அமைத்தார். நான்கு ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், சீனத் தொடர்புள்ள மென்பொருள் கொண்ட இணையவழி இணைப்புக் கார்களை 2027 மாடல் முதல் விற்கத் தடை விதித்து அமெரிக்க வணிகத்துறை விதி வெளியிட்டது. இருதரப்பும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதோ என்று எண்ண வைக்கும் ஒற்றுமை இது. 2024 மார்ச்சில் பெய்ஜிங் தன் விதிகளைச் சற்றே தளர்த்தியபோதும், ஓராண்டில் ஒரு லட்சம் பேருக்குக் குறைவானவர்களின் சாதாரணத் தகவல் என்றால் தடையில்லை, 10 லட்சத்தைத் தாண்டினால் அரசின் மதிப்பீடு கட்டாயம் என்று தலை எண்ணித்தான் தளர்த்தியது.

ஒரு மீட்டருக்குள் நாடு

நிலவரைபடம் இந்தச் சர்ச்சையில் மிகப் பழைய சரக்கு. சீனாவில் வெளியாகும் எந்த மின்னணு வரைபடமும் அரசு வகுத்த தனி ஆயத்தொலை முறையை, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறையை, பின்பற்ற வேண்டும். அந்த முறை உண்மையான இடத்தைக் கணிதச் சூத்திரம் ஒன்றால் வேண்டுமென்றே நகர்த்திக் காட்டுகிறது. உலகப் பொது முறையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தின் மீது சீனச் சாலை வரைபடத்தைப் போர்த்தினால், சாலைகள் சில நூறு மீட்டர் தள்ளிப்போய் வீடுகளின் கூரை மேலும் ஆற்றின் நடுவிலும் ஓடும். 2024 அக்டோபரில் அந்நாட்டு அரசுப் பாதுகாப்பு அமைச்சகம், தானியங்கிக் கார் ஆய்வு என்ற பெயரில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நில அளவைத் தகவலைச் சேகரித்து வெளியே அனுப்பியதாகக் குற்றம்சாட்டியது. தானே ஓடும் காருக்குச் சாலையின் துல்லியமான வரைபடம் வேண்டும். அந்த வரைபடம்தான் ஏவுகணைக்கும் வேண்டும் என்பதே சிக்கல்.

தென்கொரியா அமெரிக்காவின் நெருங்கிய நட்பு நாடு. ஆனாலும் 1:5000 அளவிலான தன் வரைபடத் தரவை வெளிநாட்டு சர்வர்களுக்கு எடுத்துச் செல்லக் கூகுள் கேட்ட அனுமதியை 2007இலும் 2016இலும் மறுத்தது. செயற்கைக்கோள் படங்களில் ராணுவ நிலையங்களை மறைத்துக் காட்டினால் தருகிறோம் என்ற நிபந்தனையைக் கூகுள் அப்போது ஏற்கவில்லை. இதனால் பல ஆண்டுகளாகச் சியோலில் இறங்கிய வெளிநாட்டுப் பயணி, உலகம் முழுவதும் தனக்குக் கைகொடுத்த வரைபடச் செயலி இங்கே நடைபாதைக்கு வழிகாட்டாமல் விழிப்பதைக் கண்டு, உள்ளூர்ச் செயலியான நேவரையோ காக்காவோவையோ பதிவிறக்கினார். வடகொரியாவின் பீரங்கிகள் எட்டும் தொலைவில் தலைநகரை வைத்திருக்கும் நாட்டுக்கு இது நியாயமான முன்னெச்சரிக்கை என்று சொல்லலாம். உள்ளூர் நிறுவனங்களுக்கு இதைவிட வசதியான வேலி இருக்க முடியாது என்றும் சொல்லலாம். அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் இதை வர்த்தகத் தடைகளின் பட்டியலில் வைத்திருந்தது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பதுதான் இத்தகைய விதிகளின் இயல்பு.

இந்தியாவும் இதே வழியில் வந்தது. 2011இல் பெங்களூருவில் கூகுளின் தெருக்காட்சி கார்களைக் காவல்துறை நிறுத்தியது. 2021 பிப்ரவரி வழிகாட்டுதல்கள், கிடைமட்டத்தில் ஒரு மீட்டரைவிட நுணுக்கமான வரைபடத் தரவை இந்திய நிறுவனங்களே உருவாக்கலாம், இந்தியாவிலேயே வைக்க வேண்டும் என்றன. 2022 ஜூலையில் ஜெனிசிஸ், டெக் மகிந்திரா ஆகிய இந்திய நிறுவனங்கள் படம்பிடித்துத் தர, கூகுள் அவற்றிடம் உரிமம் பெற்றுத் தெருக்காட்சியைத் தொடங்கியது. பணப் பரிமாற்றத் தரவில் விதி இன்னும் கறாரானது. 2018 ஏப்ரல் 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, பணப் பரிமாற்றத் தரவு முழுவதும் இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்றது. வெளிநாட்டில் கணக்கிட்டுச் செயல்படுத்தலாம், ஆனால் ஒரு வேலைநாளுக்குள் அல்லது 24 மணி நேரத்துக்குள் அங்கே அழித்துவிட்டு இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று அடுத்த ஆண்டு விளக்கம் வந்தது. இதைப் பின்பற்றவில்லை என்பதற்காக 2021 ஜூலை முதல் சுமார் 11 மாதங்கள் மாஸ்டர்கார்டு புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க முடியாமல் இருந்தது. டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளின் தடையோ, எல்லையில் சீனப் படையுடன் கல்வான் மோதல் நடந்து இரண்டு வாரத்தில், 2020 ஜூன் 29 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் ஓர் இரவில் வந்தது. தரவுத் திருட்டு காரணமாகச் சொல்லப்பட்டாலும், மோதலில் 20 வீரர்கள் உயிரிழக்காமல் இருந்திருந்தால் அந்தத் தேதியில் அந்த அறிவிப்பு வந்திருக்காது.

உரிமையின் வழி

ஐரோப்பிய ஒன்றியம் இதே இடத்துக்கு வேறொரு வழியாக வந்து சேர்ந்தது. 2013 ஜூனில் எட்வர்டு ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை பெரும் இணைய நிறுவனங்களிடமிருந்து தரவு பெறுவதை உலகுக்குக் காட்டின. அவ்வாண்டே ஆஸ்திரியச் சட்ட மாணவரான மாக்ஸ் ஷ்ரெம்ஸ், அப்படியானால் என் பேஸ்புக் விவரங்கள் அமெரிக்காவுக்குப் போவது எப்படிச் சட்டப்படி சரியாகும் என்று அயர்லாந்துத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தார். அந்த ஒற்றைப் புகார் இரண்டு சர்வதேச ஏற்பாடுகளைக் கவிழ்த்தது. ஐரோப்பியர்களின் தரவை அமெரிக்காவுக்கு அனுப்ப வழிவிட்ட 2000ஆம் ஆண்டின் ‘பாதுகாப்புத் துறைமுகம்’ உடன்பாட்டை 2015 அக்டோபரில் ஒன்றியத்தின் நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்கு மாற்றாக வந்த ‘தனியுரிமைக் கேடயம்’ 2020 ஜூலையில் அதே கதியடைந்தது. அமெரிக்க உளவுச் சட்டத்தின் கீழ் ஓர் ஐரோப்பியரின் தகவல் எடுக்கப்பட்டால், அவர் போய் முறையிட்டு நிவாரணம் பெற உருப்படியான மன்றம் இல்லை என்பதே இரு தீர்ப்புகளின் சாரம். மூன்றாவது ஏற்பாடு 2023 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளின் சொந்த உளவுத்துறைகளும் சளைத்தவை அல்ல என்பதையும், அவற்றின் மீது ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்கு உள்ள பிடி மெலிந்தது என்பதையும் அமெரிக்கர்கள் குறைபட்டுக்கொள்வார்கள்; அதில் நியாயம் இல்லாமலில்லை.

தரவை ‘அனுப்புவது’ என்றால் என்ன என்பதைக் கறாராக வரையறுத்தது ஐரோப்பாவின் பங்களிப்பு. 2023 மே மாதம் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு விதிக்கப்பட்ட 120 கோடி யூரோ அபராதம் அமெரிக்காவுக்குத் தரவை அனுப்பியதற்காக. அதில் புதிராக எதுவுமில்லை. 2025 மே மாதம் டிக்டாக்குக்கு விதிக்கப்பட்ட 53 கோடி யூரோ அபராதம் இதைவிடச் சுவையானது. ஐரோப்பியர்களின் தரவைச் சீனாவில் சேமிக்கவில்லை என்பதுதான் விசாரணை நெடுகிலும் அந்நிறுவனம் சொல்லிவந்தது. சேமிக்காவிட்டால் என்ன, சீனாவில் அமர்ந்திருக்கும் பொறியாளர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ உள்ள சர்வரைத் தன் திரையில் திறந்து பார்க்கிறார் அல்லவா, அதுவே அனுப்புதல்தான் என்று அயர்லாந்து ஆணையம் கருதியது. விசாரணை முடியும் தறுவாயில், கொஞ்சம் தரவு சீன சர்வர்களிலும் இருந்திருக்கிறது என்று நிறுவனமே தெரிவிக்க நேர்ந்தது வேறு கதை. இந்த வரையறையின்படி பார்த்தால், இரவு நேரத்தில் பழுதுபார்க்க வேறொரு நாட்டிலுள்ள பொறியாளர்களை நம்பியிருக்கும் எந்த நிறுவனமும் தினமும் எல்லை கடந்து தரவை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. உள்நாட்டில் தரவு மையம் கட்டிவிட்டோம் என்ற பெருமிதம் இதற்கு விடையாகாது.

உள்நாட்டிலேயே வை என்ற விதிக்கு இன்னொரு முகமும் உண்டு. 2015 செப்டம்பர் முதல் தன் குடிமக்களின் தரவைத் தன் மண்ணில் வைக்கும்படி ரஷ்யா கட்டளையிட்டது. பின்பற்றாத லிங்க்ட்இன் 2016 நவம்பரில் முடக்கப்பட்டது. 2021இல் அது ஒரு படி மேலே போய், தினமும் ஐந்து லட்சம் ரஷ்யர்களுக்கு மேல் பயன்படுத்தும் வெளிநாட்டுத் தளங்கள் அந்நாட்டில் அலுவலகம் திறந்தாக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அலுவலகம் என்றால் ஊழியர்கள். ஊழியர்கள் என்றால் கைதுசெய்யக்கூடிய உடல்கள். அவ்வாண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் தொடங்கிய நாளில் ஆப்பிளும் கூகுளும் எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியின் அணியினருடைய செயலியைத் தங்கள் தளங்களிலிருந்து நீக்கின. ரஷ்யாவில் பணிபுரிந்த குறிப்பிட்ட ஊழியர்கள்மீது வழக்குத் தொடுப்போம் என்று அதிகாரிகள் மிரட்டியதாகச் செய்திகள் வெளியாயின. இத்தகைய சட்டங்களைப் ‘பிணைக்கைதிச் சட்டங்கள்’ என்று விமர்சகர்கள் அழைப்பது மிகையல்ல.

மிரட்டல் இல்லாத நாடுகளிலும் அடிப்படைக் கேள்வி மறைந்துவிடுவதில்லை. தரவு உள்நாட்டுக்கு வந்துவிட்டால் அந்நிய அரசிடமிருந்து ஓரளவு தப்பலாம். சொந்த அரசு கேட்டால்? இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் 16ஆவது பிரிவு, அரசு பெயர் குறிப்பிட்டுத் தடுக்கும் நாடுகள் தவிர மற்ற நாடுகளுக்குத் தரவை அனுப்பலாம் என்கிறது; முந்தைய வரைவுகளில் இருந்த உள்நாட்டுச் சேமிப்புக் கட்டாயத்தோடு ஒப்பிட்டால் இது தாராளம். 17ஆவது பிரிவோ, இறையாண்மை, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு அறிவிக்கும் தன் அமைப்புகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று விலக்களிக்க இடம்தருகிறது. வெளிவாசலுக்குப் பூட்டு வாங்கிய கையோடு உள்வாசலைத் திறந்து வைத்திருக்கும் இந்த அமைப்பு இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. தரவு இறையாண்மை பேசும் பெரும்பாலான சட்டங்களின் கட்டுமானமே இதுதான்.

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் குறியாக்கத்தைச் சுட்டுவார்கள். தரவைப் பூட்டி, சாவியைப் பயனரே வைத்துக்கொண்டால், சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே கிடைப்பது பொருளற்ற எழுத்துக்குவியல் மட்டுமே. இதனால்தான் அரசுகளின் அக்கறை மெல்லச் சர்வரிலிருந்து சாவியின் பக்கம் திரும்புகிறது. 2018 பிப்ரவரி 28 அன்று ஆப்பிள் நிறுவனம் சீனப் பயனர்களின் ஐகிளவுட் சேவையைக் குய்சோ மாகாண அரசுத் தொடர்புள்ள நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தபோது செய்திகள் தரவு மையத்தைப் பற்றியே பேசின. சாவிகளும் அன்றே சீனாவுக்கு இடம்பெயர்ந்தன என்பதுதான் அதில் கனமான பகுதி. அதுவரை அச்சாவிகளைக் கேட்க வேண்டுமானால் அமெரிக்க நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 2025 தொடக்கத்தில் பிரிட்டன் அரசு, ஆப்பிளாலேயே திறக்க முடியாதபடி பூட்டப்பட்ட கிளவுட் சேமிப்பைத் திறக்க வழிசெய்யும்படி அந்நிறுவனத்துக்கு ரகசிய ஆணை அனுப்பியதாகத் தகவல் வெளியானது. ஆப்பிள் பின்வாசல் எதையும் கட்ட மறுத்து, பிப்ரவரி 21 அன்று அந்த உயர்பாதுகாப்பு வசதியையே பிரிட்டன் பயனர்களிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. தரவு எங்கே சேமிக்கப்படுகிறது என்ற பேச்சே அந்தச் சச்சரவில் எழவில்லை.

2025 ஜூன் 10 அன்று பிரெஞ்சு செனட்டின் விசாரணைக் குழு மைக்ரோசாப்டின் பிரான்ஸ் கிளையைச் சேர்ந்த சட்ட விவகார இயக்குநரை அழைத்துப் பிரமாணத்தின் பேரில் விசாரித்தது. ஐரோப்பாவுக்குள்ளேயே கட்டிய தரவு மையங்கள், ஐரோப்பாவுக்கு வெளியே தரவு போகாது என்ற ஒப்பந்த உறுதிமொழிகள் எல்லாம் பேசி முடிந்த பிறகு அவரிடம் நேரடியாக ஒன்றைக் கேட்டார்கள்: பிரெஞ்சுக் குடிமக்களின் தரவு, பிரெஞ்சு அதிகாரிகளின் சம்மதமின்றி அமெரிக்க அரசிடம் ஒருபோதும் ஒப்படைக்கப்படாது என்று உத்தரவாதம் தர முடியுமா? தர முடியாது என்றார் அவர்; அப்படி இதுவரை நடந்ததில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.